நொய்யல் விட்டுச்சென்ற மண்

பேரூருக்கு மேற்கே என் தாய்மாமனுக்கு ஒரு தோட்டம் இருந்தது. நான் பள்ளிச் சிறுவனாயிருந்த நாளில் அங்கே ஒரு கிணறு வெட்டினார்கள். கோடை விடுமுறை முழுவதும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, கீழிருந்து கூடை கூடையாக ஏறி வந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது பழுப்பு நிற வண்டல். கையில் பிசைந்தால் மாவைப்போல் வழுக்கியது. அதன்கீழ் மணல். மணலுக்கும் கீழே முட்டை வடிவில் வழுவழுப்பான கூழாங்கற்கள். பிறகு வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான்கல். அதற்கப்பால் பாறை தட்டியது, வெடி வைத்தார்கள்.

ஆறு அங்கிருந்து அரை மைலுக்கும் அப்பால் ஓடியது. வயலின் நடுவே பூமிக்குள் கூழாங்கல் எப்படி வந்ததென்று நான் கேட்டேன். வெட்டுவோரின் மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "ஆறு இங்க கொஞ்ச நாள் படுத்துக் கெடந்துட்டு எந்திரிச்சுப் போயிருக்குதுங்க தம்பி" என்றார். அவர் ஏட்டுக் கல்வி பெற்றவரல்லர். ஆயினும் நிலவியல் அறிஞர்கள் ஆற்றுப்படுகை என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

ஆறு என்றதும் நாம் தண்ணீர் ஓடும் பள்ளத்தை மட்டுமே நினைக்கிறோம். உண்மையில், வெள்ளக் காலத்தில் கரை மீறிப் பரவி, தான் சுமந்து வந்த மண்ணை இறக்கிவிட்டுத் திரும்பும் அகன்ற நிலம் முழுவதும் ஆற்றுக்கு உரியதே. வேகமான நீர் கல்லை உருட்டும். நிதானமான நீர் மணலை இறக்கும். தேங்கி நிற்கும் நீரில் வண்டல் படியும். மழை குறைந்து வெயில் காய்கிற காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் மேலேறி ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு கட்டிதட்டிச் சுக்கான் ஆகும். ஆக, மாமன் தோட்டத்துக் கிணற்றுச் சுவர் மாறி மாறி வந்த காலநிலைகளின் பதிவேடாகவே இருந்தது. அன்று எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

நொய்யல் பெரிய ஆறன்று. வெள்ளியங்கிரி மலைச்சரிவுகளில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, நொய்யல் என்னும் சிற்றூருக்கருகில் காவிரியில் கலக்கிறது. அவ்வூரின் பெயரே ஆற்றுக்கும் வந்தது என்பர். பழம்பெயர் காஞ்சிமாநதி, கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணம் அப்பெயராலேயே அதைப் போற்றுகிறது. ஆற்றின் தலை நனைந்திருக்கும், உடல் காய்ந்திருக்கும். மேற்குமலையின் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்; மலையைக் கடந்த பின்னரோ அதே காற்று வெறும் காற்றாகவே வீசும். கோவை நகருக்கு ஆண்டில் கிடைப்பது அறுபது, எழுபது சென்டிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்தின் கொடை. இத்தகைய ஆறு, மலைமேல் பெய்யும் மழை சற்றே கூடினாலும் குறைந்தாலும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும்.

அம்மழை எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று சொல்ல ஒரு சாட்சி நீலகிரியில் இருக்கிறது. மலை உச்சிப் புல்வெளிகளுக்கிடையே உள்ள சதுப்பு நிலங்களில், குளிரும் நீரும் சேர்ந்து செடிகளை மட்கவிடாமல் காக்கின்றன. ஆண்டுக்காண்டு அவை கரிய அடுக்குகளாகப் படிந்துவிடுகின்றன. ஈரப்பாங்கான காலத்தில் தழைக்கும் செடிகளுக்கும் வறண்ட காலத்தில் பெருகும் புற்களுக்கும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை வேறு. ஆகவே அவற்றின் உடலில் கனத்த கரியணுவும் இலேசான கரியணுவும் சேர்ந்திருக்கும் விகிதமும் வேறு. இந்த வேறுபாட்டை அளந்தே, யானைகள் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற ராமன் சுகுமாரும், ஆர். ரமேஷ் முதலிய அறிஞரும் 1993ஆம் ஆண்டு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடந்த இருபதாயிரம் ஆண்டுகளின் மழைக்கணக்கு அது. பனியுகத்தின் உச்சத்தில் இங்கே வறட்சி. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல மழைக்காலம். பிறகு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் குறுகிய ஈரக்காலம் ஒன்று.

நீலகிரியும் வெள்ளியங்கிரியும் பாலக்காட்டுக் கணவாயின் வடபுறத்தே அடுத்தடுத்து நிற்கும் மலைகள். ஒரே பருவக்காற்றை எதிர்கொள்பவை. ஆதலால் அங்கே எழுதப்பட்ட கணக்கை இங்கேயும் வாசிக்கலாம். கல்லை உருட்டும் வலிமை ஆற்றுக்கு இருந்த காலமும், சுக்கான் கட்டிய காலமும் வெறும் கற்பனையல்ல. எந்த அடுக்கு எந்த நூற்றாண்டினது என்று ஒரு தோட்டக் கிணற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் மழை என்றும் ஒரே சீராகப் பெய்ததில்லை என்பதை அறிய அந்தச் சுவரே போதும்.

அந்த நீண்ட வறட்சியின் கடைப்பகுதியில்தான் நொய்யலின் வடகரையில் கொடுமணல் செழித்தது. சென்னிமலைக்கு மேற்கே உள்ள இச்சிற்றூரைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் துணையுடன் இங்கே அகழ்ந்தது. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மணி கடைந்த பட்டறைகள், தமிழ் எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகள் எனக் கிடைத்தவை ஏராளம். பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. மேற்கே கணவாய் வழியாக உரோமாபுரி வணிகம் நடந்தது. கோவைக்கருகே வெள்ளலூரில் 1842இலும் 1891இலும் உரோம வெள்ளிக்காசுகள் குவியலாக அகப்பட்டன. வெள்ளலூரும் நொய்யல் கரையே.

புகழ்மிக்க இந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது இரும்பு உலையின் வாயை. அதற்குத் தீனி மரக்கரி. தலைமுறை தலைமுறையாக உலைகள் எரிந்தால் சுற்றுக் காடு எவ்வளவு வெட்டுண்டிருக்கும்! மரம் போன மேட்டில் மழை விழுந்தால் மேல்மண் ஆற்றுக்கு வரும். ஆறு அதைத் தாழ்ந்த நிலத்தில் பரப்பும். படுகையின் வண்டலில் ஒரு பங்கை வானமும், ஒரு பங்கை மனிதனின் கோடரியும் தந்திருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. நகருக்குள் சுண்ணாம்புக் காளவாய் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் காளவாய்களுக்கு எத்தனை வண்டி விறகு போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

காட்டை அழித்த கை பிறகு ஆற்றைப் பகிரவும் கற்றது. நொய்யலின் குறுக்கே சித்திரைச்சாவடி தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால்கள். அவை நிரப்பும் முப்பதுக்கும் மேற்பட்ட குளங்கள். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று அவற்றின் பெயர்களை வரிசையாய்ச் சொன்னாலே ஆறு போகும் திசை தெரியும். ஒரு குளம் நிரம்பினால் கலிங்கு வழியாக உபரிநீர் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். நான்கு நாள் வெள்ளத்தை நாலைந்து மாதப் பாசனமாக நீட்டிய ஏற்பாடு இது. 13ஆம் நூற்றாண்டுக் கொங்குச் சோழர் காலத்துப் பேரூர்க் கல்வெட்டு ஒன்று, புதிதாய் ஓர் அணை கட்டிக்கொள்ள இசைவு தரும்போதே, முன்பே இருந்த தேவி சிறை என்னும் அணைக்கு அதனால் கேடு வரலாகாது என்று நிபந்தனை விதிக்கிறது. மேல்மடைக்காரன், கீழ்மடைக்காரன் வழக்கு அன்றே இருந்திருக்கிறது. அதைவிட முக்கியம், கீழ்மடைக்காரனுக்கு உரிமை உண்டென்று கல்லில் வெட்டி வைக்கும் மனமும் அன்று இருந்திருக்கிறது.

இந்த அணைகளும் குளங்களும் படுகையின் உருவத்தையே மாற்றின. தறிகெட்டு அலைந்த ஆறு ஒரு தடத்தில் நிலைத்தது. வெள்ளத்தின் வேகம் பல வாய்க்கால்களில் பிரிந்து அடங்கியது. வண்டல் குளத்திலும் வயலிலும் தங்கியது. கசிந்த நீர் கிணறுகளுக்கு ஊற்றாயிற்று. பேரூர், ஆலாந்துறை, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பாக்குத் தோப்புகளையும் வாழைத் தோட்டங்களையும் பார்த்து இயற்கை எழில் என்று வியக்கிறோம். அதில் பாதி எழில் மண்வெட்டி செய்தது. அமெரிக்காவிலும் இதைப் போன்ற ஒன்று தெரியவந்தது. ராபர்ட் வால்டர், டாரதி மெரிட்ஸ் என்னும் இரு நிலவியலாளர் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் இயற்கையான ஆற்றுப்படுகைக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் காட்டி வந்த சமவெளிகள் பலவும், 17 முதல் 19ஆம் நூற்றாண்டுவரை மாவு ஆலைகளுக்காக ஓடைதோறும் கட்டப்பட்ட சிறு அணைகளின் பின்னே தேங்கிய சேறுதான் என்று அவர்கள் நிறுவினர். இயற்கை என்று நாம் எண்ணுவதைச் சற்றுத் தோண்டினால் நம் பாட்டனின் கைரேகை தெரிகிறது.

கொங்கில் அந்தக் கைரேகை மிகத் தெளிவாகத் தெரிவது காலிங்கராயன் வாய்க்காலில். 13ஆம் நூற்றாண்டில் வெள்ளோட்டைச் சேர்ந்த காலிங்கராயன், பவானி ஆறு காவிரியில் கூடுமிடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, அங்கிருந்து ஐம்பத்தாறு மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினான். காவிரிப் படுகையின் ஓரமாகவே வளைந்து வளைந்து சென்று அது நொய்யல் கூடும் பக்கத்தை எட்டுகிறது. ஒரு பாம்பு வழிகாட்டியதாகவும், அது ஊர்ந்த தடத்திலேயே வாய்க்கால் வெட்டப்பட்டதாகவும் கதை. பாம்பு வந்ததோ இல்லையோ, அந்த வளைவுகளுக்குக் காரணம் உண்டு. நேராக வெட்டியிருந்தால் நீர் பாய்ந்தோடிக் கரையை அரித்திருக்கும்; வளைந்ததால் சரிவு குறைந்து நிதானமாக நடந்தது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதில் தண்ணீர் ஓடுகிறது.

குளங்களைத் தூர்வாரிக் காக்கக் குடிமராமத்து என்னும் முறை இருந்தது. கோடையில் ஊரார் குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவர். குளம் ஆழமாகும், வயல் செழிக்கும். இன்று பலர் இதைப் பொற்காலமாகப் பேசுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வெயிலில் மண் சுமந்தவர்களுள் பலருக்கு அந்தக் குளத்தின்கீழ் ஒரு காணி நிலமும் இல்லை. சில இடங்களில் அந்தத் தண்ணீரை மொண்டு குடிக்கவும் உரிமை இல்லை. ஏற்பாடு நல்லது; அதில் நியாயம் குறைவு. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். பசிபிக் பெருங்கடலின் நீர் அசாதாரணமாகச் சூடேறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியே அந்த ஆண்டுகளில் இந்தியா முதல் சீனாவரை, பிரேசில்வரை மழையைக் கெடுத்தது என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது. வானம் கெடுத்ததை அரசின் கல்நெஞ்சம் கொலையாக்கியது. பட்டினி கிடந்த மாகாணத்திலிருந்தே தானியம் கப்பலேறியது. கொங்கு விவசாயி அதிலிருந்து ஒரு பாடம் கற்றான்: குளத்தை நம்பாதே, கிணற்றை நம்பு. கவலை ஏற்றத்தில் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தன, கம்போடியா பருத்தி வந்தது, ஆலைகள் எழுந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியதும் கிணறுதோறும் மோட்டார் ஓடலாயிற்று. மாடு களைத்தால் நிற்கும், மோட்டார் நிற்பதில்லை. நீர்மட்டம் இறங்க இறங்கக் குளத்தைப் பற்றிய கவலையும் இறங்கியது. தூர் ஏறிய குளம் காலிமனையாகத் தெரிய ஆரம்பித்தது.

அதன்பின் நடந்ததை நாமே கண்ணால் கண்டோம். குளக்கரைகளில் இடமற்ற ஏழைகள் குடிசை போட்டனர். இடமுள்ளவர்களும் வாய்க்காலை அடைத்துக் கட்டடம் எழுப்பினர். அண்மை ஆண்டுகளில் முத்தண்ணன் குளம் முதலிய கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் அடுக்குமாடிகளுக்குப் போயின. கரைகள் நடைபாதையும் விளக்குமாய் அழகுபெற்றன. வாய்க்காலை மறித்த பெரிய கட்டடங்கள் பல அசையவில்லை. உரோமக் காசு கிடைத்த வெள்ளலூரில்தான் கோவை மாநகரின் குப்பை மலையும் எழுந்தது. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகளுக்காகச் செம்மண்ணை ஆள் உயரத்துக்கு மேலாகத் தோண்டினர். 2021இல் அச்சூளைகள் மூடப்பட்டபோது ஓடைகளின் தடமே உருமாறிப்போயிருந்தது. 2011 நவம்பரில் ஒரே இரவு மழையில் திருப்பூரின் ஓடைகள் தங்கள் பழைய இடத்தைத் தேடி வந்து, வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயின. மழைக்கு மனை எண் தெரியாது.

திருப்பூரைப் பற்றிப் பேசும்போது நான் சற்றுத் தயங்குகிறேன். நம் பங்குகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போன எத்தனையோ இளைஞர்களுக்குச் சோறு போட்ட ஊர் அது. ஆனால் 1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட அணை, சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டிய அணை, சாயப்பட்டறைக் கழிவின் தொட்டியானது. திறந்தால் கீழே உள்ள வயல் கெடும்; மூடினால் சுற்றுப்புறக் கிணறு கெடும். காலங்காலமாக வெள்ளம் வரட்டும் என்று வேண்டிய உழவர்கள், தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று நீதிமன்றம் ஏறினர். நொய்யல் ஆயக்கட்டுக்காரர்களின் வழக்கில் 2006இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்புரைத்தன. கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடலாகாது என்ற ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் மூடப்பட்டன, வேலையிழந்தோர் ஊர் திரும்பினர். பிறகு சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் மீண்டது. மண்ணில் இறங்கிய உப்பு அவ்வளவு சுலபமாக மீண்டு வரவில்லை. படுகையில் அதுவும் ஓர் அடுக்கு.

பெரிய அணைகள் வேறுவகையில் படுகையை மாற்றின. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் கரையோரங்களைச் சூறையாடியது. அதற்கடுத்த ஆண்டு தொடங்கி 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளம் அடங்கியது உண்மை. ஆனால் டெல்டாவுக்குப் போகவேண்டிய வண்டல் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கலாயிற்று. 1955இல் எழுந்த பவானிசாகரின் அடியில் டணாயக்கன் கோட்டை கிடக்கிறது. மேட்டூரின் அடியில் கிடப்பது நமக்கு இன்னும் நெருக்கமானது. நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்த கோடைகளில், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், அதற்கு எட்டிய தொலைவில் பழைய கத்தோலிக்க ஆலயத்தின் கோபுரமும் தண்ணீருக்குமேல் தலை நீட்டி வந்திருக்கின்றன. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களும் மணம் முடித்தவர்களும் தங்கள் ஊரையும் வயலையும் ஆலயத்தையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிப் போனார்கள். தஞ்சைக்குத் தண்ணீர் போயிற்று. ஒரு வறண்ட ஆண்டில் பரிசலில் போய் அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சுவரில் நீர்மட்டம் ஏறி இறங்கிய கோடுகள், ஆண்டுக்கொன்றாய்ப் படிந்த சேற்றுக் கோடுகள். மாமன் தோட்டத்துக் கிணறு நினைவுக்கு வந்தது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கிணறு 1980களிலேயே வற்றிவிட்டது. ஆழ்குழாய் போட்டார்கள், அதுவும் சில ஆண்டுகளே தாங்கியது. நிலத்தை மனைகளாகப் பிரித்தபோது கிணற்றை மூட வேண்டியதாயிற்று. இடித்த வீட்டுக் கற்களையும் சிமெண்டுக் கட்டிகளையும் பிளாஸ்டிக் குப்பையையும் லாரி லாரியாகக் கொட்டி நிரப்பினார்கள். மாமன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று மேஸ்திரி என் கையில் கொடுத்த கூழாங்கல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போது தாள் பறக்காதிருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.